தோற்றவர் விதைத்த வித்து

வாணிகத்திலே வென்றவர் வரலாற்றை யாவரும் விரும்பிப் படிப்பர். தோற்றவர் வரலாற்றைத் தேடிப் படிப்போர் சிலரே. ஆயினும், சில வேளைகளில் தோல்வியே நல்லாசானாக அமைகின்றது. அமெரிக்காவிலே நெற்ஸ்கேப் என்னும் மென்பொருள் நிறுவனத்துக்கு நேர்ந்த கதியை இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டமைக்கு அதுவே காரணம்.

ஜிம் கிளார்க் என்பவரும், பட்டம் பெற்றுச் சில மாதங்களேயான மார்க் ஆன்றீசன் என்னும் இளைஞரும் 1994ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இதனைத் தொடங்கினர். இணையப் பக்கங்களைத் திரையிலே காட்டும் உலாவியை ஆக்குவதே அவர்தம் தொழில். அவ்வாண்டு முடியுமுன் வெளிவந்த அவ்வுலாவியை, இணையத்தை நாடியோரிற் பெரும்பாலார் கைக்கொண்டனர். 1995 ஆகஸ்ட் 9ஆம் நாள் நிறுவனத்தின் பங்குகள் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தன. 28 டொலராகக் குறிக்கப்பட்ட பங்கின் விலை, அன்று மாலை 58 டொலரைத் தாண்டி நின்றது.

அதே மாதத்தில் மைக்ரோசொப்ற் நிறுவனமும் தன் உலாவியை வெளியிட்டது. பெரும்பாலான கணினிகளை இயக்கிய விண்டோஸ் அதன் கையில் இருந்தது. விரைவிலேயே விண்டோசுடன் சேர்த்து உலாவியையும் அந்நிறுவனம் விலையின்றி வழங்கலாயிற்று. வீட்டு முற்றத்திலே நல்ல கிணறிருக்க, விலைகொடுத்துத் தண்ணீர் வாங்குவார் உளரோ?

1998 ஜனவரியில் நெற்ஸ்கேப்பும் தன் உலாவியை இலவசமாக்கிற்று. அத்துடன் அமையாது, உலாவியின் மூல நிரலையும் மார்ச் 31ஆம் நாள் உலகத்தார்க்குத் திறந்துவிட்டது. மூல நிரல் என்பது சமையற்காரர் தம் கைப்பக்குவத்தை எழுதிவைத்த ஏட்டினை ஒத்தது. அதனைப் பெற்றவர் எவரும் பண்டத்தைத் தாமே ஆக்கலாம், திருத்தலாம்.

அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு மைக்ரோசொப்ற் மீது வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனம் சட்டத்தை மீறியதென நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்த்தது. அதற்குள் நெற்ஸ்கேப், அமெரிக்கா ஒன்லைன் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது.

எனினும், பழி முழுவதையும் மாற்றார்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. பழைய நிரலைக் கைவிட்டு, யாவற்றையும் புதிதாக எழுத முற்பட்டனர் நெற்ஸ்கேப்பார். 1997இல் நான்காம் பதிப்பு வந்தபின் சிறு திருத்தங்கள் வந்தனவேயன்றி, ஐந்தாம் பதிப்பு வரவேயில்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரிலேதான் வந்தது. பரீட்சை மண்டபத்திலே, பாதி எழுதிய விடையை வெட்டிவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கி, மணியடிக்கையிற் கலங்கி நின்ற மாணவரை நாம் கண்டதுண்டு. நெற்ஸ்கேப்பின் நிலையும் அத்தகையதே.

ஆயினும் கதை ஈண்டு முடியவில்லை. திறந்துவிட்ட நிரலைப் பேணுதற்கு 2003இல் மொசில்லா அறநிலையம் அமைந்தது. அங்கிருந்து 2004 நவம்பர் 9ஆம் நாள் பயர்பொக்ஸ் உலாவியின் முதற்பதிப்பு வெளிவந்தது. அசைக்கவொண்ணாதது என எண்ணப்பட்ட மைக்ரோசொப்ற் உலாவியின் ஆதிக்கம் அதன்பின் தளரலாயிற்று. நெற்ஸ்கேப்பின் பெயர் 2008இல் மறைந்தது. அதனை வென்ற உலாவியும் 2022இல் ஓய்வு பெற்றது. ஆனால், 1995இல் நெற்ஸ்கேப்பில் உருவான ஜாவாஸ்கிரிப்ற் என்னும் நிரல்மொழி இன்றும் எல்லா உலாவிகளிலும் இயங்குகின்றது.

விலைகூறி விற்ற பண்டம் அழிந்தது. பிறர்க்கென ஈந்தது நிலைத்தது. வாணிகஞ் செய்யப் புகும் நம் இளைஞர், இலாப நட்டக் கணக்கை எழுதும்போது இதனையும் ஒரு வரியாக எழுதிவைத்தல் நன்று.