வெள்ளையடிக்குமுன் சுவர் காயட்டும்

மார்கழித் திருவாதிரை முடிந்து கோயிலின் இரத்தின சபையில் கூடிய கூட்டம் கலைந்ததும், திருவாலங்காட்டில் வீட்டுக்கு வீடு அடுத்த வேலை பொங்கலுக்கு வெள்ளையடிப்பது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிய மழை அப்போது சுவருக்குள்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறோம்.

சுண்ணாம்பு அடித்த காலத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அதன் காரம் பூஞ்சணத்துக்கு ஆகாது. சுவரின் ஈரமும் அதன் வழியே வெளியேறிவிடும். இப்போது பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கிறோம். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அடுத்த மழைக்குள் பெயிண்ட் கொப்புளித்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்துவிடுகிறது. அது சுவரோடு நிற்பதில்லை, மூச்சுக்குள்ளும் போகும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் பூஞ்சணம் பற்றி 2017-ல் ஒரு தகப்பன் புகார் செய்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அவருடைய 2 வயது மகன் அவாப் இறந்தான். நெடுநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது. அவன் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது.

நம் ஊருக்கு இதைச் சொல்ல இங்கிலாந்துவரை போகவும் வேண்டாம். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில்தான். புதுக் கரும்புச் சக்கை ஒன்றும் செய்யாது. நனைந்து, குவியலில் கிடந்து, பூத்துப்போன சக்கையின் தூசி நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. ஆலைத் தொழிலாளர்களுக்கு வரும் இந்த நோய்க்கு ‘பகாஸோஸிஸ்’ என்று தனிப் பெயரே உண்டு. வீட்டுச் சுவரில் அவ்வளவு தூசி இல்லைதான். ஆனாலும் ஓதம் ஏறிய வீடுகளில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா, வீசிங் தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டு நூல் வெளியிட்டுவிட்டது.

ஆக, தேட வேண்டியது தண்ணீர் வரும் வழியை. வெள்ளையாகப் பொரிந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்தால் அது உப்பு, பூஞ்சணம் அல்ல. ஆனால் உப்புப் பூத்த சுவரும் ஈரச் சுவர்தான். முழங்கால் உயரம்வரை கறை என்றால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. கூரை மூலையில் என்றால் மொட்டை மாடித் தளத்தைப் பாருங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவர் என்றால் குழாய் மூட்டு. பிடிபடவில்லையா? ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்தால் ஈரம் சுவருடையது. வெளிப்புறம் வியர்த்தால் வீட்டுக் காற்றுடையது: சமையல் ஆவி, மழைக்கு உள்ளே கொடி கட்டிக் காயப்போட்ட துணி, கொசுவுக்குப் பயந்து திறக்காத ஜன்னல்.

பூஞ்சணத்தை உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள்; தூள் பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் நனைத்துத் தேயுங்கள். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிடையும் கலந்து ஊற்றுகிற வீரர்கள் உண்டு. கிளம்புவது குளோரின் வாயு. பூஞ்சணத்தைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும். வீசிங் உள்ள குழந்தையை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பூத்துப்போன பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு மீட்கப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

“டேம்ப் புரூஃப் அடிச்சா எல்லாம் சரியாயிடும்” என்பார் பெயிண்டர். கசிவை அடைக்காமல் அதற்குக் கொடுக்கும் காசு வீண். இந்தப் பொங்கலுக்கு ஓதச் சுவரை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றுக்கு அடியுங்கள். மாசியில் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கசிவை அடையுங்கள். சித்திரை வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட் வாங்கினால் போதும்.