கடல் கடந்த தந்தங்கள்

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம், கூத்தப்பெருமானின் திருப்பதி மட்டுமன்று. கடல் கடந்த நட்புக்குச் சான்று பகரும் ஊருமாகும். காம்போச மன்னன் காட்டிய அரிய கல்லொன்று முதற் குலோத்துங்கனால் தில்லைக் கோயிலில் வைக்கப்பெற்றதை, அங்குள்ள 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகின்றது. இவ்வாறு பரிசுகள் வந்ததைப் போலவே, சோழநாட்டிலிருந்து பரிசுகள் சென்றதும் உண்டு. 1015-ஆம் ஆண்டில் இராசராசனின் தூதர் சீனப் பேரரசனின் அவையை அடைந்தனர். முத்துக்களோடு 60 யானைத் தந்தங்களையும் அளித்தனர்.

சீனர் தந்தத்தைப் பெரிதும் விரும்பியது ஏன்? மெல்லிய உளிக்கும் இணங்கி, நுண்ணிய வேலைப்பாட்டை ஏற்று, மெருகிட்டால் ஒளிர்வது தந்தம். கிழக்குச் சீனத்து ஹெமுடுவில் ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையுடைய தந்தத் தகடு ஒன்று கிடைத்தது. கதிரவனை நடுவில் கொண்டு எதிரெதிரே நிற்கும் இரு பறவைகள் அதில் செதுக்கப்பெற்றுள்ளன. வடக்கே ஆன்யாங்கில், ஃபூ ஹாவ் என்னும் அரசியின் கல்லறை 1976-இல் அகழப்பட்டது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகட்கு முற்பட்ட அக்கல்லறையில், புலி வடிவக் கைப்பிடி கொண்ட தந்தக் கலமும் இருந்தது.

அந்நாளில் ஆன்யாங் பகுதியில் யானைகள் வாழ்ந்தன. அவற்றின் எலும்புகள் அங்கே கிடைத்துள்ளன. பின்னர்க் காடுகள் அழிந்தன, வேட்டை மிகுந்தது, தட்பவெப்பமும் மாறியது. யானைகள் தெற்கு நோக்கி ஒதுங்கி மறைந்தன. சோழர் தந்தங்களைப் பெற்ற சீனத் தலைநகராகிய கைஃபெங், ஆன்யாங் உள்ள அதே ஹெனான் மாகாணத்தில்தான் இருக்கின்றது. யானை உலவிய நிலமே பிறநாட்டுத் தந்தத்தை ஏற்கும் நிலமாயிற்று! இன்று சீனத்தின் காட்டு யானைகள் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்தில் மட்டுமே வாழ்கின்றன. அவையும் ஏறத்தாழ 300 தாம்.

தந்தம் என்பது யானையின் மேல்தாடைப் பல்லே. அதன் மூன்றில் ஒரு பங்கு மண்டைக்குள் புதைந்துள்ளது. முழுத் தந்தத்தையும் விரும்பியோர் யானையைக் கொன்றே அதனைப் பெற்றனர். ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன்; இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பது நம் பழமொழி. இறந்த யானைக்கும் விலை இருந்தமையே இருந்த யானைக்குக் கேடாயிற்று.

ஆதலின் உலக நாடுகள் பலவும் கூடி, 1989-ஆம் ஆண்டில் நாடுகளுக்கிடையேயான தந்த வாணிகத்தைத் தடை செய்ய முடிவு செய்தன. சீனமும் தன் நாட்டுத் தந்த வாணிகத்தை 2017-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தியது. பழஞ்சிற்பங்களை அருங்காட்சியகத்தில் கண்டு கைவினைஞரின் திறத்தைப் போற்றுவோம். புதிய தந்தத்தை விரும்பாதிருப்போம். யானையின் தந்தம் யானைக்கே அழகு.