மாலைக்கண்ணும் மழலைகளும்

அந்தி மயங்கிய வேளையில், தறிக்கருகே விளையாடும் குழந்தை தட்டுத் தடுமாறி, எதிரிலுள்ள கிண்ணத்தைக் கையால் துழாவுமாயின், அதனை விளையாட்டென்று விட்டுவிடலாகாது. பெரும்பாலும் அது மாலைக்கண். வைட்டமின் 'ஏ' குறைவின் முதல் அறிகுறி. பேச்சு வராத குழந்தை தன் குறையைச் சொல்லாது. நாம்தான் கவனிக்க வேண்டும்.

பின்னர் வெண்விழி பளபளப்பிழந்து வறளும். சோப்பு நுரை போன்ற திட்டுத் தோன்றும். இதுவரையில் பார்வையை மீட்கலாம். கருவிழி குழைந்துவிட்டாலோ சில தினங்களில் கண்ணே போய்விடும். தட்டம்மையும் பேதியும் கண்ட குழந்தைகளுக்கு இவ்வபாயம் மிகுதி.

நம் அங்கத்தினர் பலரது கொல்லையில் முருங்கை நிற்கிறது. காயைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் கீரையை ஆட்டுக்குப் போடுகிறோம்! 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு அக்கீரையை வேகவைத்து, மசித்து, சிறிது எண்ணெய் சேர்த்து ஊட்டலாம். இச்சத்து கொழுப்பில் கரைவது. எண்ணெயின்றி உடலிற் சரிவரச் சேராது.

1970 முதல் அரசாங்கம் வைட்டமின் 'ஏ' திரவத்தை வழங்கி வருகிறது. 9-ஆம் மாதத்தில் 1 லட்சம் யூனிட். பின்னர் 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம். கண்ணில் வறட்சி கண்டால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. அன்றும் மறுநாளும் மருந்து கொடுப்பர். சில வாரங்கள் கழித்துக் கொடுக்கும் மூன்றாவது தவணைக்கும் தவறாது செல்ல வேண்டும்.