காசநோய்க்குப் பின் உடம்பைத் தேற்றுவோம்

காசநோய் மாத்திரையில் இருமலும் காய்ச்சலும் நின்றதுமே, "தவணை கட்டணுமே" என்று நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் ஓடுகிறோம். நோய் தணிந்தாலும் கரைந்த சதை உடனே திரும்பாது.

முதலில் வீட்டைச் சுற்றி 5 நிமிடம் நடங்க. மூச்சு வாங்காமல் பேச முடிந்தால், சில நாள் கழித்து 2 நிமிடம் கூட்டுங்க. தண்ணிக் குடம் தூக்குவது அதற்கு அப்புறம்தான்.

முட்டை, பயறு, வேர்க்கடலை தினமும் சாப்பிடுங்க. சிகிச்சைக் காலத்தில் மாதத்துக்கு 1000 ரூபாய் வீதம் (2024 நவம்பர் முதல்) அரசு தருவது இதற்குத்தான். தேறிவிட்டோமென்று மாத்திரையை நடுவில் நிறுத்தாதீங்க. சாதாரண காசநோய்க்கு 6 மாதம் சாப்பிட வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

குழுவினரே! தேறி வரும் சகோதரியின் சங்கக் கடன் தவணையைத் தள்ளிவைக்க, கூட்டத்தில் பேசித் தீர்மானம் போடுங்க. கடனை மெதுவாகக் கட்டலாம், உடம்பு முக்கியம்.