சட்டம் ஊருக்கு வந்த கதை – 7: கொல்லையும் சேர்த்துத்தான் மனை

சென்ற வாரம் பார்த்த 1952-ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலைக்குத்தான் காவலாக வந்தது. குடிசையோ மிராசுதாரின் மனையில் இருந்தது. கூலி கூடக் கேட்டவரிடம் "மனையைக் காலி பண்ணு" என்றால் போதும், பேச்சு அடங்கிவிடும். 1961-இல் வந்த சட்டம் அப்படி வெளியேற்றுவதற்குத் தடை போட்டது. கூலிப் போராட்டத்தின் பகையில் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மூன்றாண்டுகளுக்குள், கலைஞர் ஆட்சியில், மனையையே உரிமையாக்கும் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19 அன்று யார் குடியிருந்தாரோ, அந்த விவசாயத் தொழிலாளிக்கே மனை சொந்தம்.

இதை ஊரில் நடத்திக்காட்ட வேண்டியவர்கள் தாசில்தார், ஆர்.ஐ., பட்டாமணியார், கணக்குப்பிள்ளை. பின்னிரண்டு பேரும் பெரும்பாலும் நிலமுள்ள குடும்பத்தார். கணக்கும் நிலக்காரர் பெயரில். "சீட்டு இருக்கா?" என்பதே வருவாய்த்துறை ஊழியர் முதலில் கேட்டுப் பழகிய கேள்வி. வாடகையே பேசாமல், உழைப்புக்கு ஈடாக ஒண்டிக்கொள்ள விடப்பட்டவரிடம் எந்தச் சீட்டு இருக்கும்? தெருவில் உட்கார்ந்து கேட்க வேண்டும்: இந்த வீட்டில் யார் யார் பிறந்தார்கள், வாசல் முருங்கையை யார் வைத்தார், பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள்? வாய்மொழியும் சாட்சிதான் என்று ஊழியருக்குச் சொல்லித் தராமல் இந்தச் சட்டத்தை அவர் கையில் கொடுப்பது வீண்.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியம். சட்டத்தின்படி குடியிருப்பு என்றால் கூரை நிற்கும் இடம் மட்டும் அன்று. அந்த வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான ஒட்டிய இடமும் சேரும். ஆடு கட்டும் மூலை, அடுப்பு, வைக்கோல் போடும் இடம், குளிக்கும் மறைப்பு எல்லாம் அதில் அடங்கும். எது தேவை என்பதை அளக்க வருபவர் கண்தான் தீர்மானிக்கிறது. சங்கிலியைக் கூரை நிழலோடு நிறுத்தினால், சட்டமன்றம் கொடுத்ததில் பாதி போய்விடும்.

1980-இல் பட்டாமணியார், கணக்குப்பிள்ளை பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தேர்வு எழுதி வரும் இளைஞர்கள், பலரும் வேறு மாவட்டத்துக்காரர்கள். பட்டா மாறுதலும் அடங்கலும் பயிற்சியில் படிக்கிறார்கள். காவிரி டெல்டாவின் மனைக் கதையையும் படிக்க வேண்டும். ஏனென்றால் அது முடியவில்லை. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் கிடைக்கிறது. அதற்கும் பட்டா வேண்டும். அன்று விட்டுப்போன மனையில் இன்றைக்குப் பேரன் நிற்கிறான்.

தெருவில் உட்கார்ந்து கேட்கும் விசாரணைக்கு ஏற்ற நேரமும் உண்டு. குறுவை நடவு தொடங்கிவிட்டால் பகலில் தெருவில் ஆள் இருக்காது. சித்திரை, வைகாசியில், அந்தி சாய்ந்தபின் போனால் வீட்டுப் பெண்களும் பேசக் கிடைப்பார்கள்.

அடுத்த வாரம்: கோயில் மனைகளில் குடியிருப்பவர்கள்.