வெந்நீர்க் கருவி வாங்கப் போகிறீர்களா?

ரமளான் மாதத்தில் ஸஹர் நேரத்து அடுக்களையைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஓர் அடுப்பில் சோறு சூடாகிறது, மறு அடுப்பில் ஆணம் கொதிக்கிறது. வாப்பாவுக்கு மாத்திரை விழுங்க இளஞ்சூட்டில் நீர் வேண்டும். கைக்குழந்தை பாலுக்கு அழுகிறது. பாங்குக்கு இன்னும் பத்து நிமிடமே இருக்கையில் ஒருவர் தேநீர் கேட்கிறார். பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் கொதிநீர் தரும் கருவியொன்று மேசையில் இருந்தால் எத்தனை இலேசு என்று தோன்றாத இல்லத்தரசி இருக்க முடியாது.

இலேசுதான். மறுப்பதற்கில்லை. எனினும் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் கொண்டுவந்த நான்கு லிட்டர் வெந்நீர்க் கலம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருந்தது. அதன் மின்கம்பி மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வயதுப் பேத்தி அதைப் பற்றி இழுத்தாள். கலம் சரிந்து, தோளிலும் முழங்கையிலும் கொதிநீர் கொட்டியது. யாரோ ஓடிவந்து பற்பசையை அப்பினார்கள். மருத்துவர் முதலில் அந்தப் பற்பசையைக் கழுவி நீக்க வேண்டியிருந்தது. குழந்தை துடித்த துடிப்பை இன்றும் பெரியம்மா சொல்லிச் சொல்லிக் கண்ணீர் விடுகிறார். அல்ஹம்துலில்லாஹ், காயம் ஆறிவிட்டது. தழும்பு ஆறவில்லை.

கடைகளில் ‘உடனடி வெந்நீர்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. பெரியம்மா வீட்டில் இருந்தது கலம். அது நீரைக் கொதிக்க வைத்து, நாள் முழுவதும் சூடு தணியாமல் காத்து நிற்பது. இன்னொரு வகையில், பக்கத்துத் தொட்டியில் பச்சைத் தண்ணீர் இருக்கும். நாம் கேட்கும் கோப்பை அளவு மட்டும் உள்ளிருக்கும் மெல்லிய குழாய் வழியே ஓடிச் சூடேறி வெளிவரும். மூன்றாவதாக, சுவர்க் குழாயிலேயே திருகிப் பொருத்தும் பிளாஸ்டிக் மின்குழாய் ஒன்று மலிவு விலைக்குக் கிடைக்கிறது. ஏறத்தாழ 3,000 வாட் மின்சாரத்தை ஈரக் கையால் தொடும் இடத்திலேயே வைத்திருக்கும் அதனை, என்னைக் கேட்டால், வாங்கவே வேண்டாம். எர்த் இணைப்பு ஒழுங்காக இல்லாத வீட்டில் அது உயிரோடு விளையாடுவதாகும்.

கலமா, கோப்பைக் கருவியா என்பது குடும்பத்தைப் பொறுத்தது. விருந்தினர் வந்து போகும் பெரிய வீட்டுக்குக் கலம் ஏற்றது. ஆனால் சூட்டைக் காப்பதற்கு மட்டும் சராசரியாக 40 வாட் இழுக்குமானால், ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு யூனிட் ஓடிவிடும். யாரும் குடிக்காத நீருக்குக் கொடுக்கும் அந்தக் கட்டணம் வீண் விரயமன்றி வேறென்ன? மூவர் நால்வர் உள்ள வீட்டுக்குக் கோப்பைக் கருவி போதும். 28 பாகைச் சூட்டில் உள்ள ஒரு லிட்டர் நீரை 95 பாகைக்குக் கொண்டுவர ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கே செலவாகும். 2,200 வாட் கருவி 200 மில்லி கோப்பையொன்றை நிரப்ப 25 விநாடி எடுக்கும். விளம்பரத்தில் சொல்லும் ‘மூன்றே விநாடி’ என்பது முதல் சொட்டு விழும் நேரம்.

இந்தக் கணக்கும் மின்னழுத்தம் சரியாக இருந்தால்தான். மாலை வேளைகளில் 180 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்களில், 2,200 வாட் கருவி 1,350 வாட் அளவுக்கே வேலை செய்யும். நீர் வெதுவெதுப்பாக வரும், அல்லது சொட்டுச் சொட்டாக வரும். கருவி பழுது என்று கடைக்காரரோடு சண்டையிடுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்டவும் முயல வேண்டாம்.

பிளக் விஷயத்தில்தான் நம்மவர்கள் பெரிதும் தவறுகிறார்கள். 2,200 வாட் என்றால் ஒன்பதரை ஆம்பியருக்கு மேல். விளக்குக்கும் செல்பேசிக்கும் உள்ள 6 ஆம்பியர் சிறிய பிளக்கில் இதைச் செருகினால் முதலில் பிளக் சூடாகும், பிறகு கருகும், பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 16 ஆம்பியர் பவர் பிளக், அதற்கென 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தாமிரக் கம்பி, உயிருள்ள எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு இவை நான்கும் இருக்கின்றனவா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிட்டுத்தான் கருவியின் பெட்டியையே பிரிக்க வேண்டும். துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் கருவிகளில் தட்டையான மூன்று கால் பிளக் இருக்கும். அதற்குப் பத்து இருபது ரூபாய் அடாப்டரைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். நம் நாட்டுப் பெரிய பிளக்கை மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். சவூதியில் முன்பு வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரமே இருந்தது. அக்காலத்தில் வாங்கிய பழைய கருவி எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால் அங்கேயே இருக்கட்டும். நம் 230 வோல்ட்டில் செருகினால் அது தாங்கக்கூடியதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சிலவே. குழந்தைப் பூட்டு இருக்க வேண்டும். இரண்டு பொத்தான்களை அடுத்தடுத்து அழுத்தினாலன்றி நீர் வரக்கூடாது. தொட்டி காலியானால் தானே அணைய வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். கடையிலேயே ஒரு கோப்பை பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். நீராவியோடு சீறித் தெறிக்கும் கருவி கையைச் சுடும்.

தாய்மார்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. கோப்பைக் கருவியில் 45 பாகை என்று வைத்தால், பல கருவிகள் பச்சைத் தண்ணீரை 45 பாகை வரையே சூடாக்கித் தருகின்றன. கொதித்து ஆறிய நீர் அல்ல அது, கிருமிகள் சாகா. பால் மாவும் கிருமியற்றதன்று. ஆகவே 70 பாகைக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் மாவைக் கரைத்து, அதன்பின் ஆறவைத்துப் புகட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. (தாய்ப்பால் இருக்கும்போது மாவு எதற்கு என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே, அது வேறு கட்டுரைக்குரியது.)

வுளூவுக்கு இந்நீரைப் பயன்படுத்தலாமா என்று ஒரு மூதாட்டி கேட்டார். ஷாபிஈ மத்ஹபில், உலோகப் பாத்திரத்தில் வெயில் பட்டுச் சூடேறிய நீர் மக்ரூஹ் என்று படித்த நினைவில் கேட்டிருக்கிறார். அச்சட்டம் நெருப்பால் சூடாக்கிய நீருக்கு இல்லை. உறுப்புகளை நிறைவாகக் கழுவ முடியாத அளவு கடுஞ்சூடாக இருப்பதுதான் விரும்பத்தகாதது. வாளியில் முதலில் நான்கு லிட்டர் குளிர்ந்த நீரை ஊற்றி, அதன்மேல் ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள். முதியோருக்கு இதமான சூடு வரும். வரிசையை மாற்றிக் கொதிநீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டுக் குளிர்நீர் எடுக்கப் போகும் அந்த அரை நிமிடத்தில்தான் குழந்தைகள் வாளியில் கை விடுகிறார்கள்.

கீழக்கரை, இராமநாதபுரம் போன்ற கடலோர ஊர்களின் உப்பு நீரில் வெள்ளைப் படிவு விரைவில் ஏறும். மெல்லிய குழாய் அடைபட்டால் கருவி சீறும், சூடு குறையும். மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பாதியை ஓடவிட்டு, அரைமணி நேரம் நிறுத்தி, மீதியையும் ஓடவிடுங்கள். பின் மும்முறை நல்ல நீரால் அலச வேண்டும். கலத்தைக் கழுவுவதானால் பிளக்கைப் பிடுங்கி, முழுதும் ஆறிய பிறகே. அடிப்பாகத்தை நீரில் அமிழ்த்தக் கூடாது.

வைக்கும் இடம் சுவரோரம், மேசை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி. கம்பி தொங்கக் கூடாது. மேசை விரிப்பின் மீது வைக்கக் கூடாது. கருவியை எட்டாத குழந்தைக்கு விரிப்பின் நுனி எட்டும்.

அப்படியும் சுட்டுவிட்டால்? 60 பாகை நீர் ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அதுவும் வேண்டாம். உடனே ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் இருபது நிமிடம் முழுமையாகக் காட்டுங்கள். அழுகிறதே என்று இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடாதீர்கள். நனைந்த உடையையும் வளையலையும் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை மட்டும் இழுக்க வேண்டாம். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். முகம், கை, மறைவிடம் என்றால், அல்லது சுட்டது குழந்தையை என்றால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் போகத்தான் வேண்டும்.

பெரியம்மா வீட்டில் அந்தக் கலம் இன்றும் இருக்கிறது. இப்போது அடுக்களையின் உள்மேடையில், கம்பி சுருட்டிக் கட்டப்பட்டு, சுவரோடு ஒட்டி.