உங்களுக்குத் தெரியுமா? போர்வையில் போன சேதி

சிங்கப்பூரின் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்துவைத்த பெண்கள், தாங்கள் உயிரோடு இருப்பதைக் கணவன்மாருக்குச் சொல்லியனுப்பியது ஊசியாலும் நூலாலும்!

• 1942, இரண்டாம் உலகப் போர்க்காலம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் வேறு பக்கம். ஒருவர் கதி மற்றவருக்குத் தெரியாது.

• சிறையில் இருந்த கனடாக்காரரான எதெல் மல்வேனிக்கு ஒரு யோசனை: காயம்பட்ட வீரர்களுக்குப் போர்வை தைத்தால் என்ன? அனுமதி கிடைத்தது. ஆளுக்கொரு சதுரத் துணி. மனதில் இருந்ததைப் பூத்தையலாகப் போட்டு, பெயரையும் தைத்தார்கள். போர்வை ஆண்கள் பக்கம் போனால், அந்தப் பெயர்தான் சேதி.

• போர்வைக்கு 66 சதுரம். ஒரு போர்வை ஜப்பானிய வீரர்களுக்கென்றே தைக்கப்பட்டது. மற்றவை தடையின்றிப் போய்ச் சேர வேண்டுமே!

• அவற்றில் இரண்டு இன்றும் கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன.